தரையில் நிற்க ஓர் ஆள்

ஞானதிரவியத்தின் ஹெலிகாப்டரில் ஒரு குறையும் இல்லை என்று ஆய்வாளர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டி பெட்டியாக வந்த உதிரிகளை வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் வைத்து, ஒற்றை ஆளாக அவர் பூட்டிய வண்டி அது. ஒரே ஓர் இருக்கை, தலைக்கு மேல் இரண்டு பிளேடு, முதுகுக்குப் பின்னால் மோட்டாரும் பேட்டரியும், அதற்கும் பின்னால் ஒரு நீள வால். மோட்டார் சைக்கிளுக்கு மின்விசிறி மாட்டிவிட்டது போலிருக்கும். வண்டி தயார், ஓட்டுபவரும் தயார். காத்திருக்கத்தான் ஆள் இல்லை.

சட்டம் அப்படி வந்திருந்தது. கயத்தாறுப் பக்கம், எந்தக் காலத்து யுத்தத்துக்கோ போட்டு, பிறகு ஆடு மேய்ந்துகொண்டிருந்த பழைய ஓடுதளத்தில் பறக்கக் கற்றுக்கொடுக்கும் கேப்டன் தாஹிரா அதை அவருக்கு முதல் நாளே விளக்கிவிட்டாள். மேலப்பாளையத்துப் பெண், அவரைவிட இருபது வயது இளையவள்.

“சொந்தமாப் பூட்டின வண்டியில விழுந்து செத்தவங்களை எல்லாம் ஆராய்ச்சி பண்ணிப் பாத்தாங்க சார். காத்து கொஞ்சம், கோளாறு கொஞ்சம். ஆனா முக்கால்வாசிப் பேருக்கு ஒண்ணு பொதுவா இருந்துச்சு. எப்ப எறங்குவாங்கன்னு கீழ யாரும் பாத்துக்கிட்டு இல்ல. பாக்க ஆள் இருக்கறவன் கருமேகத்தைக் கண்டா திரும்பிடறான். இல்லாதவன், இன்னும் கொஞ்சம் போய்த்தான் பாப்போமேங்கறான்.”

“அதுக்கு?”

“அதுக்குத்தான் இந்தப் பிடி.”

சைக்கிள் ஹேண்டில்பாரில் பாதி வெட்டி எடுத்தது போல ஒரு கறுப்பு உருளையை அவள் காட்டினாள். தரையில் நிற்பவர் அதைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். அவருடைய நாடித் துடிப்பு வண்டிக்குப் போகும். மேலே பறப்பவர் கையிலிருக்கும் ஸ்டிக்கில் அது அப்படியே தட்டும். தனக்காக ஒரு நெஞ்சு கீழே அடித்துக்கொண்டிருக்கிறது என்பது உள்ளங்கையில் தெரிந்தால் மனிதன் ஒழுங்காக ஓட்டுவான் என்பது சட்டம் எழுதியவர்களின் நம்பிக்கை. தப்பான நம்பிக்கை என்றும் சொல்ல முடியாது.

“யாரையாவது கூப்பிட்டு நிறுத்தினாப் போச்சு,” என்றார் ஞானதிரவியம்.

“மொதல்ல அப்படித்தான் செஞ்சாங்க. வாடகைக்கு ஆள் பிடிச்சுக் குடுக்க ஏஜெண்டுகளே வந்துட்டாங்க. அதனால இப்ப விளக்கு வச்சிருக்காங்க. பிளேடு சுத்த ஆரம்பிச்சதும் கீழ நிக்கிறவங்க துடிப்பு ஏறணும். ஏறினா பச்சை, பூட்டுத் திறக்கும். ஏறலைன்னா சிவப்பு. வண்டி கெளம்பாது.”

“அதாவது பயப்படணும்.”

“உங்களுக்காகப் பயப்படணும் சார்.”

ஞானதிரவியத்துக்குக் கல்யாணம் ஆகவில்லை. தம்பி கனடாவில் இருந்தான், காலை வணக்கப் படங்கள் அனுப்புவான். காற்றாலைகளில் பழுது பார்ப்பதுதான் அவர் வேலையாக இருந்தது. கோபுரத்துக்குள்ளே ஏணியில் ஏறி, உச்சியில் மூடியைத் திறந்துகொண்டு வெளியே தலை நீட்டினால் கரிசல் காடு முழுக்கத் தெரியும். அங்கே அவர் தனியாகத்தான் நின்றார், ஆனால் அங்கே தனியாக நிற்பதில் குறை ஒன்றும் தெரியவில்லை. பிறகு அந்த வேலைக்கு எந்திரங்கள் வந்தன, பல்லியைப் போல ஏறி அவையே பார்த்துக்கொண்டன. இவரைக் கீழே அனுப்பிவிட்டார்கள். தரையில், சுற்றிலும் ஆட்களுக்கு நடுவில் தனியாக இருப்பது அவருக்குப் பழக்கமில்லை. அதனால்தான் வண்டி பூட்டினார். சித்திரை முடிவதற்குள் உரிமம் வாங்காவிட்டால் பதிவு காலாவதியாகிவிடும், வண்டியைப் பிரித்து சீல் வைத்துவிடுவார்கள்.

முதலில் சபைப் போதகரைக் கூட்டிவந்தார். போதகர் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டே பிடியைப் பற்றினார். சிவப்பு.

“அவருக்கு விசுவாசம் ஜாஸ்தி சார். அதான் பிரச்சினை,” என்றாள் தாஹிரா.

அடுத்து கோமதிநாயகம். காற்றாலையில் நெடுங்காலம் கூட வேலை பார்த்தவர். ஒருவர் மேலே ஏறினால் மற்றவர் கீழே நின்று கயிற்றைப் பார்த்துக்கொள்வார், அப்படிப்பட்ட பழக்கம். பிளேடு சுற்றியது, தூசி எழுந்தது, விளக்கு சிவப்பாகவே இருந்தது. கோமதிநாயகம் விளக்கைப் பார்த்தார், ஞானதிரவியத்தைப் பார்த்தார், பிடியைக் கீழே வைத்தார்.

“பிரஷருக்கு மாத்திரை போடுதேன்ல வே. அதான் ஏற மாட்டேங்கு,” என்றார்.

“அதான், அதான்,” என்றார் ஞானதிரவியம்.

அதற்குப் பிறகு கோமதிநாயகம் போனை எடுக்கவில்லை. அவர்மேல் தப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்படி ஒரு விளக்கை வைத்து அளந்தால் நம்மில் எத்தனை பேருக்குப் பச்சை எரியும்? அளக்காமல் விட்டதால்தான் இத்தனை காலம் ஊர் உலகம் ஒட்டிக்கொண்டு ஓடியது. தென்காசியில் ஒரு டாக்டருக்கு மனைவி பிடித்தும் சிவப்பு எரிந்து, இரண்டு பேரும் வீடு வரைக்கும் பேசாமல் போய், மறுவாரம் வண்டியை விற்றுவிட்டதாகத் தாஹிரா சொன்னாள். வண்டியை மட்டும்தான் விற்றார்களா என்று ஞானதிரவியம் கேட்கவில்லை.

தரையில் முளை அடித்து, வண்டியைக் கயிற்றால் கட்டி, ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பி நிற்கப் பழகுவதற்குச் சட்டத்தில் பிடி தேவையில்லை. அதைத் தன் நிலத்திலேயே தாஹிரா முன்னிலையில் செய்துகொண்டிருந்தார். அன்றைக்குத்தான் உலகம்மாள் வந்தாள். பக்கத்து நிலத்தில் கறிக்கோழிப் பண்ணை வைத்திருப்பவள். அதுவரைக்கும் அவர்களுக்குள் இருந்தது வேலிதான். அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி, தொட்டி நிறையச் செத்த கோழிகள்.

“அண்ணாச்சி, இதை நீங்களே கொழம்பு வச்சிக்கிடுங்க,” என்று அவர் காலடியில் வைத்தாள். “உங்க மிசினு சத்தத்துக்கு எல்லாம் ஒரு மூலைக்கு ஓடி, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, மூச்சு முட்டிச் செத்துக் கெடக்கு. நான் கையால பிரிச்சு எடுத்தேன். இன்னொரு தரம் கெளப்புனீங்கன்னா வேலியைப் பிச்சிக்கிட்டு வந்து முன்னால நின்னுருவேன்.”

ஞானதிரவியம் மன்னிப்புக் கேட்டார். அது அவள் காதில் ஏறவில்லை. அவள் திட்டிக்கொண்டே இருக்க, தாஹிரா பொறுமையாக அவள் பக்கத்தில் போய், “அக்கா, இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கிட்டே திட்டுங்க,” என்று பிடியைக் கையில் கொடுத்தாள். ஏதோ மைக் என்று நினைத்திருப்பாள் போல, உலகம்மாள் வாங்கிக்கொண்டாள். ஞானதிரவியம் பிளேடைச் சுற்றவிட்டார்.

பச்சை எரிந்தது. தளதளவென்று எரிந்தது.

கோழிக்காகப் பயந்தாலும் ஆளுக்காகப் பயந்தாலும் நாடி ஒரே மாதிரிதான் அடிக்கும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை. தாஹிரா யோசித்தாள். அவளே பேரம் பேசி முடித்தாள். பண்ணைப் பக்கம் வண்டி தலை காட்டாது. இனிப் பயிற்சியெல்லாம் ஓடுதளத்தில்தான். அதற்கு உலகம்மாள் வந்து பிடியைப் பிடிக்க வேண்டும்.

“நான் வரலைன்னா?”

“இங்கேயே கயிறு கட்டித்தான் பழகணும் அக்கா. வேற வழியில்ல.”

“நல்லா இருக்கு உங்க நாயம்,” என்றாள் உலகம்மாள். ஆனாலும் மறுநாள் விடிந்ததும் ஸ்கூட்டரில் வந்து நின்றாள்.

கயிறில்லாமல் அவர் முதன்முதலாக எழும்பிய அன்று, உள்ளங்கையில் ஒரு நெஞ்சு தடதடவென்று தட்டியது. ஞானதிரவியம் ஸ்டிக்கை இறுக்கிப் பிடித்தார். வண்டி இடப்பக்கம் சாய்ந்தது, அதைத் திருத்தப் போய் வலப்பக்கம் சாய்ந்தது, பிறகு அதையும் திருத்தப் போனார். குடித்தவன் நடப்பது போல வண்டி ஓடுதளத்தின் மேல் தள்ளாடியது.

“பிடிக்காதீங்க சார்,” என்று காதுக்குள் தாஹிராவின் குரல். “தொட்டுக்கிட்டு மட்டும் இருங்க. வண்டி சாஞ்ச பெறகு திருத்தாதீங்க. சாயப்போகுதுன்னு தோணும்போதே லேசாத் தள்ளி விட்டுருங்க.”

தரையில் இறங்கிய பிறகும் அவர் ஸ்டிக்கிலிருந்து கையை எடுக்கவில்லை. அந்தத் தட்டல் இன்னும் இருந்தது. தன்னை நினைத்து யாருடைய நெஞ்சும் இப்படி அடித்து அவர் அறிந்ததில்லை. இதுவும் அவரை நினைத்து அடிக்கவில்லை, கோழிக் கொட்டகையின் மேல் போய் விழுந்துவிடுவாரோ என்று அடித்தது. அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அவர் மின்சாரத்தை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

தை, மாசி, பங்குனி இப்படிப் போனது. வட்டமடிக்கப் பழகினார். ஊருக்கு மேலே போகக்கூடாது, காற்றாலை வரிசையைத் தாண்டக்கூடாது, இருட்டினால் எழும்பக்கூடாது என்று எல்லாம் படித்தார். மோட்டாரைப் பாதியில் நிறுத்திவிட்டு இறங்கும் பாடத்தைத் தாஹிரா திரும்பத் திரும்ப நடத்தினாள்.

“மோட்டார் நின்னா யோசிக்கவே கூடாது. இடது கை நெம்புகோலைக் கீழ தள்ளணும், தானாத் தள்ளணும். தள்ளிட்டீங்கன்னா கீழேருந்து வர்ற காத்தே பிளேடைச் சுத்த வச்சு உங்களை எறக்கிவிட்டுரும். யோசிச்சிட்டுத் தள்ளினீங்கன்னா, தள்ளறதுக்கு நீங்க இருக்க மாட்டீங்க.”

பயிற்சிக்கு நடுவில் பேட்டரி ஏறும் வரை உலகம்மாளும் அவரும் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். அவளும் தனி ஆள்தான். புருஷன் திருப்பூரில் வேறு குடும்பத்தோடு இருந்தான். அதை அவள் மழை பெய்யாததைச் சொல்வது போலச் சொன்னாள்.

“மேல என்னதான் அண்ணாச்சி இருக்கு?”

“ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லாததுக்கா இத்தனை பாடு?”

“கீழயுந்தான் ஒண்ணும் இல்ல. மேலன்னா, ஏன் தனியா இருக்கேன்னு யாரும் கேக்க மாட்டாங்க.”

அவள் அவரை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தாள். “நானும் கேக்கலையே,” என்றாள்.

சித்திரை பிறந்தபோது ஸ்டிக்கில் தட்டல் மாறிவிட்டது. உலகம்மாள் கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்து, ஒரு கையில் பிடியும் மறு கையில் போனுமாகத் தீவன வியாபாரியிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவர் தலைக்கு மேலேயே திரும்பினாலும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஸ்டிக்கில் வந்த துடிப்பு நிதானமாக, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் மனுஷியின் துடிப்பாக இருந்தது. ஞானதிரவியத்துக்கு அது பிடித்திருந்தது. வீட்டில் யாரோ அடுத்த அறையில் நடமாடுவது போல என்று நினைத்துக்கொண்டார். அப்படிப்பட்ட வீட்டில் அவர் இருந்ததில்லை, ஊகம்தான்.

தாஹிராவுக்குத்தான் கவலை. “விளக்கு மினுங்க ஆரம்பிச்சிருச்சு சார். இன்னிக்கு ரெண்டு தரம் சிவப்புக்குப் போய் வந்துச்சு.”

“ஏன், கோவமா அவளுக்கு?”

“கோவம் இருந்தா நல்லதாச்சே. நீங்க நல்லா ஓட்டக் கத்துக்கிட்டீங்க. விழ மாட்டீங்கன்னு அவங்களுக்கு நம்பிக்கை வந்துருச்சு. நம்பிக்கைன்னா என்னன்னு இந்த டப்பாவுக்குத் தெரியாது. அக்கறை இல்லைன்னு எழுதிக்கும்.”

“சோதனையில கொஞ்சம் மோசமா ஓட்டிக் காட்டட்டுமா?”

“மோசமா ஓட்டறதுக்கே மொதல்ல வண்டி எழும்பணுமே சார்.”

சோதனை சித்திரைக் கடைசி வாரத்தில் வந்தது. சென்னையிலிருந்து வந்த அதிகாரி பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மூன்று முறை முயலலாம், மூன்றும் சிவப்பானால் வண்டியைப் பிரித்துவிட வேண்டும் என்று விதியை வாசித்தார். உலகம்மாள் நல்ல சேலை கட்டி வந்திருந்தாள். பிளேடு சுற்றியது. சிவப்பு. அணைத்துவிட்டு மறுபடியும் சுற்றவிட்டார். அதே சிவப்பு.

உலகம்மாள் பிடியை இரண்டு கையாலும் அழுத்தினாள். “பயப்படத்தான் பாக்கேன் அண்ணாச்சி. வர மாட்டேங்கு. நீங்கதான் போயிட்டு வந்துருவீங்களே.”

வேறு ஒரு நாளில் இந்தப் பேச்சைக் கேட்டிருந்தால் ஞானதிரவியம் அதை ஆயுசுக்கும் வைத்திருந்திருப்பார். அன்றைக்கு அவர் காதில் விழுந்தது சிவப்பு மட்டும்தான். அதிகாரியிடம் ஒரு நிமிஷம் கேட்டு வாங்கிக்கொண்டு இறங்கினார். உலகம்மாளிடம் போய், மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்.

“ஒலகம்மா, நான் இன்னைக்குத் திரும்பி வாரதா இல்ல.”

அவள் முகம் என்னவோ ஆனது. அவர் அதைப் பார்க்க நிற்காமல் திரும்பி நடந்து, ஏறி, பெல்ட்டைப் போட்டு, பிளேடைச் சுற்றவிட்டார். பச்சை. பூட்டுத் திறந்தது.

வண்டி எழும்பியபோது ஸ்டிக் கையில் துள்ளியது. முதல் நாளைவிட வேகமாக, முறையே இல்லாமல் அந்த நெஞ்சு அடித்தது. ஞானதிரவியம் சொன்னபடி வட்டம் அடித்தார், சொன்ன உயரத்தில் நின்று காட்டினார். பிறகு காற்றாலை வரிசையை நோக்கி நேராகப் போனார். அங்கே திரும்ப வேண்டும்.

போகும்போதுதான் அந்த வாக்கியத்தைப் பற்றி யோசித்தார். எப்படி அது அவ்வளவு சுலபமாக வந்தது? ஒரு பொய்யைச் சொல்ல வேண்டுமென்றால் அவருக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். இதற்கு நேரமே பிடிக்கவில்லை. எப்போதோ தயாராகி, நாக்கின் அடியில் கிடந்திருக்கிறது. கொட்டகையில் ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கிய இரவுகளில், வண்டி முடிந்ததும் எங்கே போவோம் என்று அவர் தன்னைக் கேட்டதே இல்லை. போவது வரைக்கும்தான் நினைத்திருக்கிறார்.

காற்றாலை வரிசை வந்தது. அவர் திரும்பவில்லை.

“எல்லையைத் தாண்டுறீங்க. திரும்புங்க,” என்றது அதிகாரியின் குரல். தாஹிராவின் குரலும் ஏதோ சொன்னது. கீழே கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. அதற்கப்பால் ஒன்றும் இல்லை, அவருக்குப் பிடித்த அதே ஒன்றுமில்லை. ஆனால் கையில் அந்த அடி நிற்கவில்லை. அதற்கும் கோழிக்கும் சம்பந்தமில்லை. பண்ணை இருந்தது எதிர்த்திசையில். அங்கே ஓடுதளத்தில் ஒருத்திக்கு மூச்சு முட்டிக்கொண்டிருக்கிறது, முட்ட வைத்தது நாம்தான் என்று நினைத்தபோது ஞானதிரவியத்துக்கு வெட்கமாக இருந்தது. வண்டியைத் திருப்பினார்.

ஓடுதளம் தெரிந்ததும் அதிகாரி பந்தலிலிருந்தே ஒரு பொத்தானை அழுத்தி, சொல்லாமல் கொள்ளாமல் மோட்டாரை நிறுத்தினார். அதுதான் கடைசிப் பரீட்சை. சத்தம் சட்டென்று அடங்கியது. இடது கை கீழே போனது. அது அவரைக் கேட்டுக்கொண்டு போகவில்லை. பிளேடு காற்றில் தானாகச் சுற்றியது, தரை ஏறி வந்தது, கடைசி நொடியில் அவர் வண்டியின் மூக்கைத் தூக்கி, நெம்புகோலை இழுத்து, அதை மெதுவாக உட்கார வைத்தார்.

“எல்லையில திரும்பக் கொஞ்சம் தாமதம்,” என்றார் அதிகாரி. “இறங்கினது பிரமாதம். வாழ்த்துகள்.” உரிமத்தை எழுதத் தாஹிராவோடு பந்தலுக்குள் போனார்.

உலகம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். விரல்கள் பிடியைவிட்டு வர மறுத்தன, ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

“சும்மா சொன்னேம்மா,” என்றார் ஞானதிரவியம். “பச்சை வரணும்ல.”

“சும்மாவா.”

“வேற வழி தெரியல.”

அவள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டாள். பிடியை வண்டியின் இருக்கையில் வைத்தாள். “அடுத்த தரம் வேற ஆளைப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. இனி நீங்க என்ன சொன்னாலும் எனக்கு ஏறாது. கோழிக்குத் தண்ணி காட்டணும், வாரேன்.”

அவள் ஸ்கூட்டரை நோக்கி நடந்தாள். உரிமம் இன்னும் சற்று நேரத்தில் கைக்கு வந்துவிடும். பிடியைப் பிடிக்க ஆள் இல்லாமல், அதை வைத்துக்கொண்டு கயிறின்றி ஓர் அடிகூட எழும்ப முடியாது. ஆனால் அதல்ல அவரை வாட்டியது. ஒரு மனிதன் இன்னொருவரிடம் ஒரே ஒரு தரம் சொல்லிக்கொள்ளக்கூடிய வார்த்தை அது. அதை ஒரு விளக்குக்காகச் செலவழித்தாயிற்று.

“ஒலகம்மா,” என்றார். “அது சும்மா இல்ல.”

அவள் திரும்பவில்லை. “அடுத்த சோதனைக்கு வச்சிக்கிடுங்க,” என்றாள்.

அவள் ஸ்கூட்டர் சாவியைப் போட்டாள், திருகவில்லை. பிறகு திரும்பி விறுவிறுவென்று வந்தாள். இருக்கையில் கிடந்த பிடியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை அதன்மேல் மூடினாள்.

“இப்பச் சொல்லுங்க. சும்மாவா?”

வண்டியின் மின்சாரத்தை அவர் இன்னும் அணைத்திருக்கவில்லை. விளக்கு ஒரு கணம் சிவப்பில் இருந்தது. அப்புறம் பச்சையானது. ஆளில்லாத இருக்கைக்கு முன்னால் ஸ்டிக் தானாகத் தடதடத்தது. தரையில் நிற்பவரின் நெஞ்சை அளக்க அவ்வளவு பாடுபட்டவர்கள், மேலே போகிறவனின் நெஞ்சைப் பார்க்க ஓர் இடமும் வைத்திருக்கவில்லை. உலகம்மாள் ஸ்டிக்கின்மேல் கையை வைத்துப் பார்த்தாள். அது நிற்பதாக இல்லை.

அவள் வண்டியை ஒட்டித் தரையிலேயே உட்கார்ந்தாள்.

“கோழி கெடக்கட்டும்,” என்றாள். “உக்காந்து சொல்லுங்க அண்ணாச்சி.”